லைப்ரரி ஜாருக்குள் இருக்கும் என்டிட்டிகளை மேவன் பிளகின் கண்டுபிடிக்க வைப்பது எப்படி?

மன்னார்குடியில் நெல் கொள்முதல் கணக்குக்கு மென்பொருள் எழுதும் ஒரு சிறு குழுவிலிருந்து வந்த கேள்வி இது. விவசாயி, நிலம், நெல் ரகம் ஆகிய என்டிட்டி கிளாஸ்களை (டேட்டாபேஸில் டேபிளாக மாறும் ஜாவா கிளாஸ்களை) பொது லைப்ரரியாகப் பிரித்துத் தனி ஜாரில் (கிளாஸ்களைக் கட்டி வைத்த கோப்பில்) வைத்திருக்கிறார்கள். அரிசி ஆலைக்கான செயலி, உரக்கடைக்கான செயலி, கொள்முதல் செயலி மூன்றுமே அந்த ஜாரைத்தான் எடுத்துக்கொள்கின்றன. கொள்முதல், மூட்டை, பட்டுவாடா ஆகிய கிளாஸ்கள் மட்டும் கொள்முதல் செயலியின் சொந்த மாட்யூலில் இருக்கின்றன. பில்ட் ஓடும்போதே டேபிள் உருவாக்கும் எஸ்க்யூஎல் கோப்பு வந்துவிட வேண்டும் என்று ஜாவா நிரலைக் கட்டும் கருவியான மேவனில், கிளாஸ்களை டேபிள்களோடு இணைக்கும் ஹைபர்னேட் லைப்ரரிக்கான பிளகின் (துணைக்கருவி) ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள். வருவது சொந்த மாட்யூலின் டேபிள்கள் மட்டும். சில நேரம் அதுவும் வராமல், கொள்முதல் கிளாஸ் ‘அன்னோன் என்டிட்டி’ ஒன்றைச் சுட்டுகிறது என்ற பிழையோடு பில்ட் நின்றுவிடுகிறது. ஆனால் ஸ்பிரிங் பூட் என்ற ஜாவா கட்டமைப்பில் செயலியை ஓட்டினால் எல்லாம் சரியாக நடக்கிறது. எங்கே எதை மாற்ற வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

உங்கள் கேள்வியின் கடைசிப் பகுதியில்தான் விடையின் பாதி இருக்கிறது. ஸ்பிரிங் பூட் உங்கள் என்டிட்டிகளைத் தேடும் விதமும் மேவன் பிளகின் தேடும் விதமும் ஒன்றல்ல. மெயின் கிளாஸ் இருக்கும் பேக்கேஜிலிருந்து கீழே உள்ளவற்றை பூட் தேடுகிறது; ‘என்டிட்டி ஸ்கேன்’ அனோட்டேஷனில் (கிளாஸின் மேல் எழுதும் குறிப்பில்) வேறு பேக்கேஜ் கொடுத்திருந்தால் அங்கே தேடுகிறது. பேக்கேஜ் பெயரை வைத்துத் தேடுவதால், அந்தக் கிளாஸ் எந்த ஜாரில் கிடக்கிறது என்பது அதற்கு ஒரு பொருட்டே இல்லை. மெட்டா-இன்ஃப் ஃபோல்டரில் இருக்கும் பெர்சிஸ்டென்ஸ் எக்ஸ்எம்எல் கோப்பை அது இயல்பாகத் தொடுவதும் இல்லை. பிளகினுக்கோ ஸ்பிரிங் என்று ஒன்று இருப்பதே தெரியாது. உங்கள் மெயின் கிளாஸில் எழுதிய அனோட்டேஷனை அது படிக்கப்போவதில்லை. ஆகவே “ஓடுகிறதே” என்பது பிளகின் அமைப்பு சரி என்பதற்குச் சான்று ஆகாது.

தன் சொந்த அமைப்பில் வேறு சொல்லாதவரை, பிளகின் பின்பற்றுவது ஜேபிஏ (கிளாஸ்களை டேபிள்களோடு இணைப்பதற்கான ஜாவாவின் பொது வரையறை) விதியை. அந்த விதியில் பெர்சிஸ்டென்ஸ் யூனிட்டுக்கு (ஒன்றாக நிர்வகிக்கப்படும் என்டிட்டிகளின் தொகுப்புக்கு) ஒரு ‘ரூட்’ உண்டு: பெர்சிஸ்டென்ஸ் எக்ஸ்எம்எல் இருக்கும் மெட்டா-இன்ஃப் எந்த ஜாருக்குள் அல்லது எந்த டைரக்டரிக்குள் இருக்கிறதோ, அதுதான் ரூட். தானாகத் தேடுவது அந்த ரூட்டுக்குள் மட்டுமே. கிளாஸ்பாத்தில் (ஜாவா கிளாஸ்களைத் தேடும் இடங்களின் பட்டியலில்) இன்னும் நாற்பது ஜார் இருக்கலாம், அவற்றை யாரும் திறந்து பார்க்கமாட்டார்கள். ஆற்றில் தண்ணீர் ஓடுகிறது என்பதற்காக மடை திறக்காத வாய்க்காலின் வயல் நனைந்துவிடாது. அதுபோல, ஜார் கிளாஸ்பாத்தில் இருப்பது ஒரு செய்தி, அந்த ஜார் பெர்சிஸ்டென்ஸ் யூனிட்டுக்குள் வருவது வேறு செய்தி. இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொண்டு டிபென்டன்சியை (செயலி சார்ந்திருக்கும் ஜாரை) மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பதில்தான் பலருடைய நேரம் போகிறது.

இதிலேயே இன்னொரு கிளை உண்டு. பெர்சிஸ்டென்ஸ் எக்ஸ்எம்எல்லை டெஸ்ட் ரிசோர்ஸ் ஃபோல்டரில் மட்டும் வைத்திருந்தால் ரூட் ‘டார்கெட்’டுக்குள் இருக்கும் டெஸ்ட்-கிளாசஸ் ஆகிவிடும். அப்போது லைப்ரரி ஜார் கிடக்கட்டும், உங்கள் சொந்த மாட்யூலின் என்டிட்டிகளே தேடலுக்கு வெளியே நிற்கும். மேவன் போன்ற இன்னொரு பில்ட் கருவியான கிரேடிலில் இது இன்னும் பொதுவான தொல்லை: கிளாஸ்கள் ஒரு டைரக்டரியிலும் ரிசோர்ஸ்கள் வேறொரு டைரக்டரியிலும் போய் விழுவதால், ரூட்டில் ஒரு கிளாஸ்கூட இருக்காது. ரிசோர்ஸ் வெளியீட்டு இடத்தைக் கிளாஸ் டைரக்டரிக்கே திருப்பிவிட்டால் தீரும்.

எதையும் மாற்றுவதற்கு முன் மூன்று நிமிடம் செலவழித்துச் சிலவற்றைப் பாருங்கள். மேவனின் டிபென்டன்சி ட்ரீ கட்டளையை ஓட்டி, பொது ஜார் எந்தப் பதிப்பில், எந்த ஸ்கோப்பில் (எந்தக் கட்டத்துக்குத் தேவை என்ற குறிப்பில்) வருகிறது என்று பாருங்கள். அந்த ஜாரைப் பிரித்து விவசாயி கிளாஸ் உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு கிளாஸ் கோப்பின் உள்ளடக்கத்தைக் காட்டும் ஜாவாபி கருவியை ‘-வி’ என்ற விருப்பத்தோடு அந்தக் கிளாஸ் மேல் ஓட்டுங்கள். அதன் மேல் இருக்கும் என்டிட்டி அனோட்டேஷனின் முழுப் பெயர் தெரியும். அது ஜாவாக்ஸ் என்று தொடங்குகிறதா, ஜகார்த்தா என்று தொடங்குகிறதா?

இதை அழுத்திக் கேட்கக் காரணம் இருக்கிறது. ஜேபிஏவின் புதிய வடிவமாக 2020-ல் வந்த ஜகார்த்தா பெர்சிஸ்டென்ஸ் 3.0-ல் பேக்கேஜ் பெயரே மாறிவிட்டது. ஹைபர்னேட் 6 ஜகார்த்தா பெயரை மட்டும்தான் அறியும். பொது லைப்ரரியை யாரோ முன்பு ஜாவாக்ஸ் காலத்தில் கட்டிப் போட்டிருந்து, கொள்முதல் செயலி ஹைபர்னேட் 6-க்கு மாறியிருந்தால், தேடும் நிரல் ஜாரைத் திறந்து, கிளாஸையும் பார்த்து, ‘இது என்டிட்டி இல்லை’ என்று நகர்ந்துவிடும். வேறு என்டிட்டி உறவால் அதைச் சுட்டாதவரை பிழை வராது, எச்சரிக்கையும் வராது. டேபிள் மட்டும் வராது. எதிர்த்திசையிலும் இதே கதைதான்: செயலி ஜகார்த்தாவுக்கு வந்துவிட்டது, பிளகின் பழைய ஹைபர்னேட் 5-ஐத் தன்னோடு இழுத்து வருகிறது என்றால், உங்கள் என்டிட்டி ஒன்றுகூட அதன் கண்ணில் படாது. சொந்த மாட்யூலின் டேபிள்கள் வருகின்றன என்று நீங்கள் எழுதியிருப்பதால் பிளகின் பக்கம் பொருந்தியிருக்கிறது. பொது ஜாரின் பக்கம்தான் சோதிக்க வேண்டும்.

இனி பிளகினின் வேலை முறை. மேவன் ஒவ்வொரு பிளகினையும் அதற்கென்று ஒதுக்கிய கிளாஸ்லோடரில் (கிளாஸ்களை ஏற்றும் பகுதியில்) ஓட்டுகிறது. உங்கள் பிராஜெக்ட்டின் டிபென்டன்சிகள் அந்த உலகத்தில் இயல்பாக இல்லை. பிளகினை எழுதியவர் ‘பிராஜெக்ட்டின் டிபென்டன்சிகளையும் தீர்த்துக் கொடு’ என்று மேவனிடம் கேட்டு, அவற்றைத் தானே ஒரு கிளாஸ்லோடரில் சேர்த்தால்தான் அவை தெரியும். பெரும்பாலான ஸ்கீமா (டேபிள் வடிவமைப்பு) பிளகின்கள் இதைச் செய்கின்றன. செய்யாத பிளகினுக்கு ஒரு வழி, பாம் கோப்பில் (மேவனின் அமைப்புக் கோப்பில்) அந்தப் பிளகின் பகுதிக்குள்ளேயே ‘டிபென்டன்சீஸ்’ என்ற பகுதியைத் திறந்து பொது ஜாரை அங்கேயும் எழுதுவது. அது பிளகினின் சொந்தக் கிளாஸ்பாத்தில் போய்ச் சேரும். ஆனால் ஒரே ஜார் இரண்டு இடத்தில் இரண்டு பதிப்பாக நின்றுவிடும் ஆபத்து உண்டு. எனவே பதிப்பு எண்ணை ஒரு பிராபர்ட்டியில் வைத்து இரண்டு இடத்திலும் அதையே சுட்டுங்கள். இந்த வழியைத் தேவைப்பட்டால் ஒழிய நான் பரிந்துரைப்பதில்லை.

எந்தப் பிளகின் என்று நீங்கள் எழுதவில்லை. அதனால் பரவலாக இருக்கும் இரண்டைச் சொல்கிறேன். பழையது கோட்ஹவுஸ் வெளியிட்ட ஹைபர்னேட்3 மேவன் பிளகின். அதில் ‘காம்பொனென்ட் பிராபர்ட்டீஸ்’ பகுதிக்குள் ஸ்கேன்-கிளாசஸ், ஸ்கேன்-ஜார்ஸ் என்று இரண்டு உண்டு. முதலாவது சொந்த மாட்யூலுக்கு, இரண்டாவது டிபென்டன்சி ஜார்களுக்கு. இரண்டும் ‘ட்ரூ’ ஆக இருந்தால்தான் உங்கள் தேவை நிறைவேறும். ஆனால் அது ஹைபர்னேட் 3-க்கு எழுதப்பட்டது. கோட்ஹவுஸ் தளமே 2015-ல் மூடப்பட்டது. பழைய செயலியைத் தாங்கிப் பிடிக்க மட்டும் பயன்படுத்துங்கள், புதிதாக இதைத் தொட வேண்டாம்.

அடுத்தது ஜூப்லோ என்ற குழுப்பெயரில் வரும் ஹைபர்னேட் மேவன் பிளகின். இதில் நீங்கள் தேடும் அமைப்பின் பெயர் ‘ஸ்கேன்டிபென்டன்சீஸ்’. இரண்டு சொல்லையும் ஒட்டி எழுத வேண்டும், இரண்டாவது சொல் மட்டும் பெரிய எழுத்தில் தொடங்கும். அதன் மதிப்பாகக் கொடுக்க வேண்டியது ஜாரின் பெயர் அல்ல, மேவன் ஸ்கோப்பின் பெயர்: கம்பைல், ரன்டைம், டெஸ்ட் என்று. ஒன்றுக்கு மேல் வேண்டுமானால் காற்புள்ளியிட்டு எழுதலாம். ‘நன்’ என்று கொடுத்தால் எந்த ஜாரையும் பார்க்காது. ஒன்றும் எழுதாவிட்டால் கம்பைல் ஸ்கோப்பை மட்டும் பார்க்கும். பலர் தவறவிடும் இடம் இதுதான். பொது ஜாரை ரன்டைம் என்றோ ப்ரொவைடட் என்றோ அறிவித்திருந்தால், இயல்பு அமைப்பில் அது தேடப்படாது. உங்கள் கொள்முதல் கிளாஸ் விவசாயி கிளாஸை நேரடியாகச் சுட்டுவதால் ஸ்கோப் கம்பைலாகத்தான் இருக்க வேண்டும். டிபென்டன்சி ட்ரீயில் அதை உறுதி செய்துகொள்ளுங்கள். பொது ஜார் இன்னொரு லைப்ரரியின் வால் பிடித்து வந்து சேர்கிறது என்றால், கொள்முதல் மாட்யூலின் பாம் கோப்பிலேயே அதை நேரடி டிபென்டன்சியாக எழுதிவிடுங்கள். ஒரு கிளாஸை நேராகப் பயன்படுத்துகிறவர் அதன் ஜாரை நேராக அறிவிப்பதுதான் எப்போதும் முறை. அதே பிளகினில் டெஸ்ட் கிளாஸ்களையும் சேர்த்துத் தேட ஒரு தனி அமைப்பு உண்டு, அதை மூடியே வைத்திருங்கள்.

அமைப்பெல்லாம் சரி, ஆனாலும் நேற்று லைப்ரரியில் சேர்த்த புதிய ‘காலம்’ (டேபிளின் நெடுவரிசை) மட்டும் வரவில்லை என்றால், பார்க்க வேண்டிய இடம் உங்கள் கணினியின் மேவன் உள்ளூர் களஞ்சியம். கொள்முதல் மாட்யூலுக்குள் மட்டும் போய் பில்ட் கொடுத்தால், முன்பு எப்போதோ இன்ஸ்டால் செய்த பழைய பொது ஜாரையே மேவன் எடுத்துக்கொள்ளும். மேல் டைரக்டரியிலிருந்து ‘-பிஎல்’ விருப்பத்தில் கொள்முதல் மாட்யூலின் பெயரையும், கூடவே ‘-ஏஎம்’ என்பதையும் கொடுங்கள். அது சார்ந்திருக்கும் மாட்யூல்களும் புதிதாகக் கட்டப்படும்.

பிளகினுக்கு ஜார் தேடும் அமைப்பே இல்லையென்றால், ஜேபிஏ விதியே தரும் வழி பெர்சிஸ்டென்ஸ் எக்ஸ்எம்எல்லில் ‘ஜார்-ஃபைல்’ என்ற டேக். ரூட்டுக்கு வெளியே உள்ள இந்த ஜாரையும் தேடு என்று அது சொல்கிறது. ‘எக்ஸ்க்ளூட் அன்லிஸ்டட் கிளாசஸ்’ என்ற டேக் ரூட்டை மட்டும்தான் அடைக்கும். ஜார்-ஃபைலில் எழுதிய ஜாரை அது தடுக்காது. காகிதத்தில் அழகான வழி. மேவனில் பயன்படுத்தும்போது இரண்டு முள் குத்தும். ஜாரின் பெயரில் பதிப்பு எண் ஒட்டியிருக்கிறது, பாதை ஆளுக்கு ஆள் மாறுகிறது. மேவன் டிபென்டன்சி பிளகினின் ‘பிராபர்ட்டீஸ்’ என்ற கோலை (பிளகின் செய்யும் ஒரு பணியை) தொடக்கக் கட்டத்திலேயே ஓட்டினால், ஒவ்வொரு டிபென்டன்சியின் முழுப் பாதையும் ஒரு பிராபர்ட்டியாகக் கிடைக்கும். ரிசோர்ஸ் ஃபில்டரிங் வழியாக அதை எக்ஸ்எம்எல்லுக்குள் நிரப்பலாம். சார்புப் பாதையாக எழுத வேண்டாம். ரூட்டிலிருந்து கணக்கிடப்படும் என்பது விதி, ஆனால் கட்டளை ஓடும் டைரக்டரியைப் பொறுத்து முடிவு மாறுவது உண்டு. இரண்டாவது முள் இன்னும் கூர்மையானது. பல மாட்யூல் பில்டில் கம்பைல் கட்டம் வரை மட்டும் ஓட்டினால் பொது மாட்யூலுக்கு ஜார் என்று ஒன்று இன்னும் உருவாகியே இருக்காது. மேவன் அதன் கிளாஸ் டைரக்டரியையே டிபென்டன்சியாகத் தரும். பேக்கேஜ் கட்டம் வரை ஓட்டினால் ஜார் கிடைக்கும். ஒரே பிராஜெக்ட் ஒரு கட்டளையில் சரியாகவும் இன்னொரு கட்டளையில் தவறாகவும் நடப்பதற்கு இது போதும்.

என் பரிந்துரை வேறு. தேடலை எவ்வளவு நுணுக்கமாக அமைத்தாலும் அது கருவிக்குக் கருவி மாறும். உங்கள் பொது லைப்ரரியை மூன்று செயலிகள் பயன்படுத்துகின்றன. நாளை நான்காவது வரும். குறுவை, சம்பா, தாளடி என்று ஒரு விவசாயியின் அதே நிலம் அதே சிட்டாவோடு எல்லாச் செயலியிலும் வரப்போகிறது. அப்படியிருக்க, இந்த லைப்ரரிக்குள் என்னென்ன என்டிட்டி இருக்கிறது என்பதை ஒவ்வொரு செயலியும் தனித்தனியே தேடிக் கண்டுபிடிப்பானேன்? லைப்ரரியே சொல்லட்டும்.

செய்வது இப்படி. பொது லைப்ரரியின் மெட்டா-இன்ஃப் ஃபோல்டரில் ஒரு மேப்பிங் எக்ஸ்எம்எல் கோப்பு வையுங்கள். அதற்கு ‘ஓஆர்எம்’ என்ற இயல்புப் பெயரை வைக்காதீர்கள், வேறு ஜாரின் கோப்போடு மோதும். ‘பொது-மேப்பிங்’ என்பது போல லைப்ரரிக்கே உரிய பெயர் வையுங்கள். உள்ளே ஒவ்வொரு என்டிட்டிக்கும் கிளாஸ் பெயரை மட்டும் கொடுத்து ஒரு ‘என்டிட்டி’ டேக். காலம், உறவு எதையும் அங்கே திரும்ப எழுத வேண்டாம். ‘மெட்டாடேட்டா கம்ப்ளீட்’ என்று குறிக்காதவரை, மீதி விவரம் கிளாஸில் இருக்கும் அனோட்டேஷன்களிலிருந்தே எடுக்கப்படும். கொள்முதல் செயலியின் பெர்சிஸ்டென்ஸ் எக்ஸ்எம்எல்லில் ‘மேப்பிங்-ஃபைல்’ டேக்கில் அந்தக் கோப்பின் பெயரை எழுதுங்கள். இது கிளாஸ்பாத் வழியாகத் தேடி எடுக்கப்படுவதால் ஜாரின் பதிப்பு, பாதை, ஜாரா டைரக்டரியா என்ற சிக்கல் எதுவும் இல்லை. ஸ்பிரிங் பூட் பக்கமும் இதே கோப்பைக் கொடுக்கலாம்: ஸ்பிரிங் ஜேபிஏ அமைப்புகளில் ‘மேப்பிங்-ரிசோர்சஸ்’ என்ற பிராபர்ட்டி இதற்குத்தான் இருக்கிறது. பில்டும் செயலியும் ஒரே பட்டியலைப் படிக்கும்.

அந்தக் கோப்பில் மறக்கக் கூடாத ஒன்று கன்வர்ட்டர், அதாவது ஃபீல்டின் மதிப்பை டேபிளில் சேமிக்கும் வடிவத்துக்கு மாற்றும் கிளாஸ். உறவால் சுட்டப்பட்ட என்டிட்டி கிடைக்காவிட்டால் பிழை வரும், பில்ட் நிற்கும், நாம் கவனிப்போம். தானாகப் பொருந்தும் கன்வர்ட்டர் கிடைக்காவிட்டால் பெரும்பாலும் சத்தமே வராது. நெல்லின் தரத்தைச் சன்ன ரகம், பொது ரகம் என்று ஓர் ‘எனம்’ வகையாக (குறிப்பிட்ட சில மதிப்புகளை மட்டும் ஏற்கும் ஜாவா வகையாக) வைத்து, அதை ஓரெழுத்துக் குறியீடாகச் சேமிக்கும் கன்வர்ட்டர் பொது லைப்ரரியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிளகின் அந்தக் கன்வர்ட்டரைப் பார்க்கவில்லை என்றால், ‘எனம்’ மதிப்பின் வரிசை எண்ணைச் சேமிக்கும் எண் காலமாக டேபிள் உருவாகும். செயலியோ கன்வர்ட்டரோடு ஓடி, எழுத்தை எழுத முயலும். சன்ன ரகத்துக்கும் பொது ரகத்துக்கும் விலை வேறு. இந்தக் காலம் தவறினால் விவசாயியின் கைக்குப் போகும் பணம் தவறும். ஈரப்பத அளவுக்கு ஒரு தனி வகையும் கன்வர்ட்டரும் வைத்திருந்தால் அதற்கும் இதே கவனம் வேண்டும்; கொள்முதலில் 17 சதவீதம் என்ற எல்லையை ஒட்டி நிற்கும் பதிவுகளில் தசமம் உதிர்ந்துபோக விடக்கூடாது. மேப்பிங் கோப்பில் ‘கன்வர்ட்டர்’ டேக் ஜேபிஏ 2.1-லிருந்தே உண்டு. ஒவ்வொரு கன்வர்ட்டரையும் எழுதி, தானாகப் பொருந்த வேண்டும் என்பதையும் அங்கேயே குறித்துவிடுங்கள்.

கையால் எழுதும் பட்டியலில் புதிய கிளாஸ் விடுபடுமே என்பீர்கள். விடுபடும். அதற்கு லைப்ரரியின் பில்டிலேயே ஒரு டெஸ்ட் வேண்டும்: லைப்ரரியின் கிளாஸ் டைரக்டரியை முழுதும் தேடி என்டிட்டி அனோட்டேஷன் உள்ள கிளாஸ்களின் பெயர்களை எடுத்து, மேப்பிங் கோப்பில் இருக்கும் பெயர்களோடு ஒப்பிட்டு, வேறுபட்டால் பில்டை நிறுத்தும் டெஸ்ட். ஜான்டெக்ஸ் என்ற இன்டெக்ஸ் கருவியை வைத்து இதைச் சில வரிகளில் எழுதலாம். தேடல் அதன் சொந்த மாட்யூலுக்குள் நடப்பதால் மேலே சொன்ன எந்தத் தொல்லையும் இங்கே இல்லை.

பட்டியல் வந்துவிட்ட பிறகு, ஸ்கீமா பிளகினே தேவையா என்பதையும் யோசியுங்கள். ஜேபிஏ 2.1-லிருந்து ‘பெர்சிஸ்டென்ஸ்’ கிளாஸில் ‘ஜெனரேட் ஸ்கீமா’ என்ற மெதட் இருக்கிறது. யூனிட்டின் பெயரையும் சில பிராபர்ட்டிகளையும் கொடுத்தால் எஸ்க்யூஎல் கோப்பை எழுதித் தரும். ஸ்கீமா ஜெனரேஷன் பிராபர்ட்டிகளில் ‘ஸ்கிரிப்ட்ஸ் ஆக்‌ஷன்’ என்பதற்கு ‘கிரியேட்’ என்றும், ‘கிரியேட் டார்கெட்’ என்பதற்குக் கோப்பின் பாதையையும் கொடுங்கள். இருபது வரியில் ஒரு மெயின் கிளாஸ் எழுதி, எக்ஸெக் மேவன் பிளகினின் ‘ஜாவா’ கோல் மூலம் கிளாஸ்கள் கம்பைல் ஆனதற்கு அடுத்த கட்டத்தில் ஓட்டுங்கள். அப்போது பயன்படுவது உங்கள் பிராஜெக்ட்டின் சொந்தக் கிளாஸ்பாத், செயலி ஓடும்போது இருக்கும் அதே ஹைபர்னேட் பதிப்பு. பிளகின் இழுத்துவரும் வேறு பதிப்போடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. பிளகின் கைவிடப்பட்டாலும் உங்களுக்குக் கவலை இல்லை. இந்தக் காரணத்துக்காகவே நான் இந்த வழியைத் தேர்ந்தெடுப்பேன்.

இதில் கவனிக்க வேண்டியவை சில. கோப்பு ஏற்கெனவே இருந்தால் ஹைபர்னேட் அதன் முடிவில் சேர்த்து எழுதும், அழித்து எழுதாது. கிளீன் கொடுக்காமல் இரண்டு முறை பில்ட் செய்தால் ஒவ்வொரு டேபிளும் இரண்டு தடவை இருக்கும். மெயின் கிளாஸின் தொடக்கத்திலேயே பழைய கோப்பை நீக்குங்கள், அல்லது ஹைபர்னேட்டின் ஸ்கிரிப்ட் அப்பெண்ட் பிராபர்ட்டியை ‘ஃபால்ஸ்’ ஆக்குங்கள். டேட்டாபேஸ் இணைப்பு இல்லாத கணினியில் பில்ட் ஓடுமானால் டயலெக்ட்டை (எந்த டேட்டாபேஸின் எஸ்க்யூஎல் வடிவம் என்பதை) வெளிப்படையாகக் கொடுக்க வேண்டும். போஸ்ட்கிரெஸ் என்றால் போஸ்ட்கிரெஸ் டயலெக்ட்.

பெயரிடும் முறையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் என்டிட்டிகள் கிடைத்த மறுநாளே இந்தப் பிரச்சினை வரும். கிளாஸில் இரண்டு சொல்லை ஒட்டி எழுதிய ஃபீல்டின் பெயரை ஸ்பிரிங் பூட் அடிக்கோடு போட்டுப் பிரித்துச் சிறிய எழுத்தில் காலம் பெயராக்குகிறது. வெறும் ஹைபர்னேட் அப்படிச் செய்வதில்லை. பிளகின் எழுதிய டேபிளில் காலத்தின் பெயர் ஒன்று, செயலி கேட்கும் பெயர் வேறொன்று. ‘பிசிக்கல் நேமிங் ஸ்ட்ராட்டஜி’ என்ற ஹைபர்னேட் பிராபர்ட்டியில், கேமல்கேஸ் பெயர்களை அடிக்கோடாக மாற்றும் கிளாஸை பில்டிலும் கொடுங்கள். அது ஹைபர்னேட்டோடு கூடவே வருகிறது. ‘இம்ப்ளிசிட் நேமிங் ஸ்ட்ராட்டஜி’க்கும் பூட் தன் சொந்தக் கிளாஸ் ஒன்றை வைக்கிறது, இணைப்பு டேபிள்களின் பெயர் மாறுபட்டால் அங்கே பாருங்கள். லைப்ரரியில் எல்லா டேபிளுக்கும் காலத்துக்கும் பெயரை அனோட்டேஷனிலேயே அடிக்கோடிட்ட சிறிய எழுத்தில் எழுதிவிடுவது இன்னும் உறுதி. மூன்று செயலிகள் பகிரும் லைப்ரரிக்கு அந்த உழைப்பு தகும்.

பைட்கோட்டை (கம்பைல் ஆன கிளாஸ் நிரலை) மேம்படுத்தும் ஹைபர்னேட் என்ஹான்ஸ் பிளகின் பற்றி ஒரு வார்த்தை. அது தன் மாட்யூலின் கம்பைல் வெளியீட்டைத்தான் திருத்தும், வேறு ஜாருக்குள் புகுந்து மாற்றாது. லேசி லோடிங்குக்காக (தேவைப்படும்போது மட்டும் தரவை எடுப்பதற்காக) அதைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் லைப்ரரியின் பாம் கோப்பிலும் அதைச் சேர்த்து, மேம்படுத்திய கிளாஸ்களோடு ஜாரை வெளியிடுங்கள். குவார்க்கஸ் என்ற வேறொரு ஜாவா கட்டமைப்புக்குப் போகும் எண்ணம் இருந்தால், அது ஜாரைத் தேட ஜான்டெக்ஸ் இன்டெக்ஸ் கோப்பை எதிர்பார்க்கும்; லைப்ரரியின் பில்டில் ஜான்டெக்ஸ் மேவன் பிளகினைச் சேர்த்தால் போதும். உங்கள் கட்டுப்பாட்டில் இல்லாத ஜார் என்றால் செயலியின் அமைப்புக் கோப்பில் ‘இன்டெக்ஸ்-டிபென்டன்சி’ என்று தொடங்கும் பிராபர்ட்டிகளில் அதன் குழுப்பெயரையும் ஆர்டிஃபாக்ட் பெயரையும் கொடுக்கலாம்.

கடைசியாக, வரும் எஸ்க்யூஎல் கோப்பை என்ன செய்வது என்பது. உண்மையான டேட்டாபேஸில் அதை நேரே ஓட்டாதீர்கள், ஹைபர்னேட்டின் ‘அப்டேட்’ அமைப்பையும் அங்கே வைக்காதீர்கள். அது புதிய காலத்தைச் சேர்க்கும். பெயர் மாறிய காலத்தைப் புதியதாகவே எண்ணி, பழையதை அப்படியே விட்டுவிடும். தை, மாசியில் சம்பா அறுவடையாகி மூட்டைகள் கொள்முதல் நிலையத்தின் முன் வரிசையாக அடுக்கியிருக்கும் நாட்களில், பட்டுவாடா டேபிளில் பாதிப் பதிவு ஒரு நெடுவரிசையிலும் மீதிப் பதிவு இன்னொரு நெடுவரிசையிலும் கிடப்பதை யாரும் தாங்கமுடியாது. மாற்றங்களை ஃப்ளைவே அல்லது லிக்விபேஸ் என்ற டேட்டாபேஸ் மாற்றக் கருவியில் எண்ணிட்ட கோப்புகளாக எழுதுங்கள். பில்டில் உருவாகும் கோப்பை முந்தைய பதிப்போடு ஒப்பிட்டால் எந்த மாற்றத்தை எழுத வேண்டும் என்று தெரிந்துவிடும். செயலி தொடங்கும்போது ஹைபர்னேட் அமைப்பு ‘வேலிடேட்’ என்று இருக்கட்டும். டேபிளும் கிளாஸும் பொருந்தாவிட்டால் அது செயலியைத் தொடங்க விடாது.

இப்போதைக்கு இன்றே பில்ட் ஓட வேண்டுமென்றால், டிபென்டன்சி ட்ரீயில் பொது ஜாரின் ஸ்கோப்பையும், ஜாவாபியில் சொந்த மாட்யூலின் கிளாஸ்களுக்கு உள்ள அதே தொடக்கப் பெயர் இருப்பதையும் உறுதி செய்துகொண்டு, ஜூப்லோ பிளகின் என்றால் ஸ்கேன்டிபென்டன்சீஸில் கம்பைல் என்று எழுதி, மேல் டைரக்டரியிலிருந்து கிளீன் கொடுத்து பேக்கேஜ் வரை ஓட்டுங்கள். விவசாயி, நிலம், நெல் ரகம் மூன்று டேபிளும் கோப்பில் வந்திருக்க வேண்டும். தரம் காலம் எழுத்தாக இருக்கிறதா, எண்ணாக இருக்கிறதா என்று பாருங்கள். அதன் பிறகும் வரவில்லை என்றால் மேவனை ‘-எக்ஸ்’ விருப்பத்தோடு ஓட்டி, பிளகின் பகுதியில் கிளாஸ்பாத் என்று அச்சாகும் வரிகளையும், உங்கள் பாம் கோப்பின் பிளகின் பகுதியையும் அனுப்புங்கள்.